சல்லியில் வலைப்பட்ட தகடு

1963 மார்ச் 4, திங்கள்

காலையில் இருந்து ஒரு பஸ்ஸின் மட்காட்டோடு மல்லுக்கட்டினேன். தட்டத் தட்டத் துரு மாவாய்க் கொட்டுகிறது. நாலு மணிக்கு முதலாளி வந்து, ‘இன்னும் முடியல்லையா?’ என்றார். முடியவில்லை.

கராச்சில் இருந்து நேரே றுக்கியா வீட்டுக்குப் போனேன். என் ஒரே தங்கை. அவளுடைய மாப்பிள்ளை ஸைனுலாப்தீன் ஏறிப்போன விமானம் காணாமற்போய் இன்றுடன் எண்பத்து மூன்று நாள். டிசம்பர் 11, பகல் இரண்டு மணி, எங்கள் சீனக்குடாவில் இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு. ஓட்டியோடு ஐந்து பேர், நல்ல மழை. அது பலாலிக்குப் போய்ச் சேரவில்லை. நாலு நாள் கடலில் தேடினார்கள். எண்ணெய்ப் படலம் கண்டோம், ஒரு மெத்தைத் துண்டு கண்டோம் என்றார்கள். ஐந்து பேரில் ஒருவருடைய மையித்தும் கிடைக்கவில்லை.

மச்சானின் மூத்த சகோதரர் அபூதாஹிர் சாய்மனைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ‘நாகூரில ஒராள் கண்டிரிக்கார். தாடி வச்சிரிக்கானாம். மத்தப்படி அவனேதானாம்,’ என்றார். நோன்பு தொடங்கியதற்குப் பிறகு இப்படிக் கண்டவர்கள் மூன்று பேர். பிளேனில் வந்த கொழும்பு ஆள் தங்கம் கடத்துகிறவனாம், ஓட்டியை மிரட்டி இந்தியாவுக்குத் திருப்பி விட்டானாம், எல்லாரும் அங்கே ஒளித்திருக்கிறார்களாம்.

றுக்கியா இரண்டு தரம் கேட்டாள்: ‘தாடி வச்சிரிக்காராமா?’

அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 9, சனி

பக்கத்து மீன்பிடி ஊரான சல்லியில் இருந்து இராசையா சைக்கிளில் வந்தார். அவருடைய வள்ளத்து எஞ்சினை நான்தான் வழக்கமாய்த் திருத்துவேன். ‘சரீப் நானா, கரைவலையில ஒரு தகடு பட்டிருக்கு. வலையும் கிழிஞ்சு போச்சு. நீங்கள் வெள்ளைக்காரன்ர பிளேனில வேலை செய்த ஆள், வந்து பாருங்கோ,’ என்றார்.

கருவாடு காயப்போட்டிருந்த பாய்களுக்குப் பக்கத்தில் அதைப் போட்டிருந்தார்கள். ஆளுயர நீளம், அரைக் கதவு அகலம். ஒரு பக்கம் நாராய்க் கிழிந்து, மறுபக்கம் பாய்போல மடிந்து. அங்கங்கே வெள்ளைப் பூச்சு. நகத்தளவு சிப்பிகள் ஒட்டியிருந்தன. சுற்றி முப்பது பேர்.

குந்தியிருந்து பாசிக்கு மேலால் கையைத் தடவினேன். தடவிய இடத்தில் —

கண் பார்க்க முந்தியே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

‘அந்தப் பிளேன்தானே, நானா?’ என்று இராசையா கேட்டார்.

‘அலுமினியந்தான். வேற ஒண்டும் இப்ப சொல்ல ஏலாது,’ என்றேன்.

முப்பது பேருக்கு முன்னால் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

இதையாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

போன நவம்பர் 17. அந்த விமானம் சீனக்குடாவில் நின்றது. சாமான் ஏற்றும் தள்ளுவண்டி ஒன்று செட்டையின் அடிப்பக்கத்தில் இடித்து, உள்ளங்கை அகலத்துக்குத் தகடு கிழிந்துவிட்டது. ஓட்டி என்னைத் தேடிக் கராச்சுக்கு வந்தார். முறைப்படி கொழும்பு இரத்மலானையில் இருந்து லைசன்ஸ் உள்ள எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டிய வேலை. ‘இப்போதைக்கு நீ ஒட்டுப் போடு, அடுத்த கிழமை அவர் வந்து பார்ப்பார்,’ என்றார். நான் போட்டேன். விமானப்படை வெள்ளைக்காரர் போகும்போது தூக்கி எறிந்த தகட்டில் வெட்டி, இருபத்திரண்டு ரிவிட்டு அடித்து, ராவி விட்டேன். பதினோரு வருசம் அவர்களிடம் படித்த வேலை. நல்ல வேலைதான். நல்ல வேலை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எஞ்சினியர் வந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

நேற்று என் கைக்குப் பட்டது அந்த ஒட்டு. தகடு கிழிந்த இடம் அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி. ஒட்டினால் கிழிந்ததா, கடலில் அடிபட்டுக் கிழிந்ததா? பார்த்தால் தெரியவில்லை. இல்லை, பார்க்கப் பயமாய் இருந்தது. என் தங்கையின் மாப்பிள்ளை அதில் போனவர்.

மார்ச் 13, புதன்

தகடு இப்போது பத்திரகாளி கோவிலடியில், சோமசேகரம் ஐயாவின் வீட்டு விறாந்தையில். தபால் கந்தோரில் பெரிய கிளார்க்காய் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி பாக்கியரத்தினமும் அதே விமானத்தில் போனவர். அந்த உரிமையில் இராசையாவிடம் கேட்டு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இன்று என்னைக் கூப்பிட்டார். போனால் சனம். அபூதாஹிரும் இருந்தார். ஐயா ஒரு பென்சிலை எடுத்துத் தகட்டின் ஓரத்து ஓட்டைகளுக்குள் ஒவ்வொன்றாய் விட்டுக் காட்டினார்.

‘பதினொரு ஓட்டை. எல்லாம் ஒரே அளவு. அந்தக் கிழமை வெளித்துறைமுகத்தில நிண்ட போர்க்கப்பல் சுட்டுப் பழகினதை முழு ஊரும் கேட்டது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?’

அந்த வாரம் ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்து நின்றதும் உண்மை, வெடிச்சத்தம் கேட்டதும் உண்மை. ஆனால் இது குண்டு பட்ட ஓட்டை இல்லை. ‘ஐயா, ஓட்டையள் ஒரு நேர்கோட்டில இரிக்கு, பாருங்க. ஒரு அங்குலத்துக்கு ஒண்டு. சட்டையை இழுத்தா பொத்தான் பிய்ஞ்சு வாற மாதிரி, ரிவிட்டு பிய்ஞ்ச இடம் இது. துவக்கால கோடு போட்டுச் சுடுவானா?’ என்றேன்.

‘மெசின் துவக்கு கோடு போட்டுத்தான் சுடும்.’

அதற்குள் அபூதாஹிர்: ‘ரெண்டும் இல்ல. இது நாப்பத்திரெண்டில ஜப்பான்காரன் குண்டு போடக்குள்ள விழுந்த பிளேன்ட தகடு. கடலுக்க இப்படி எவ்வளவு கிடக்கு!’

இருபத்தொரு வருசம் கடலில் கிடந்தால் சிப்பி கையளவு தடிப்பில் ஏறியிருக்கும், இதில் நகத்தளவுதான், மூன்று மாதத்து வளர்ச்சி என்றேன்.

‘சிப்பிக்கு நாள்காட்டி தெரியுமா, மச்சான்?’

எல்லாரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாய்ச் சொன்னார்: ‘வெள்ளைக்காரன்ர சம்பளத்தில இருந்தனீங்கள். கப்பற்காரரைக் குற்றம் சொல்ல உங்களுக்கு வாய் வராது.’

பாசி படிந்து கிடந்த ஒட்டை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மறைத்துக்கொண்டு நின்றேன். அதுதான் உண்மை.

மார்ச் 14

இன்று ஒரு சோடி திருகாணியைப் பாழாக்கினேன்.

மார்ச் 20, புதன்

எனக்கு விசர் பிடிக்கப்போகிறது.

சிப்பியைக் காட்டியாவது அபூதாஹிரின் ஜப்பான் கதையை முடிக்கலாம் என்று, அளந்து எழுத அடிமட்டம் கொண்டு போனேன். போனால் தகடு வெள்ளிப் பாத்திரம் மாதிரிப் பளபளக்கிறது. ஐயாவின் மனைவி நல்லம்மா அக்கா சொல்கிறார்: ‘மணத்துக்கொண்டு கிடந்தது, தம்பி. வந்து பாக்கிற சனமும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டது. நேற்று இருந்து சுரண்டிப்போட்டு, புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினனான். இப்ப ஓட்டையள் வடிவாத் தெரியுது, என்ன?’

சிப்பி எங்கே என்று கேட்டேன். குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டாராம்.

ஒரு தகடு. கடல் மூன்று மாதம் அதில் எழுதி வைத்ததை ஒரு கைப்பிடி புளி அழித்துப்போட்டது. அந்த மனிசியை ஏச ஏலுமா? கொழுந்தனின் நினைவாய் வீட்டுக்கு வந்த ஒரே பொருளைக் கழுவி வைத்திருக்கிறார். நான் அடிமட்டத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் தந்த கோப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பாசி போனதும் ஒட்டும் வெளியே தெரிகிறது. உள்ளங்கை அகலச் சதுரம். அதைச் சுற்றி இருபத்திரண்டு மொட்டு.

மார்ச் 22, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்புப் போடும் இடத்திலேயே கேட்க வேண்டி வந்தது. ‘தகட்டில ஒரு ரகசிய மூடி இரிக்காம், தெரியுமா?’

பெரியகடை முழுக்க இதே பேச்சு. சோமசேகரம் ஐயாவின் கட்சிக்கு, குண்டு பட்ட இடத்தை மறைக்கக் கப்பற்காரர் முக்குளித்துப் போய் ஒட்டிய மூடி அது. அபூதாஹிரின் கட்சிக்கு, உள்ளே தங்கம் வைக்கச் செய்த அறை. ஜப்பான் கதையை அவர் ஒரே நாளில் விட்டுவிட்டார். தகடு அந்தப் பிளேனுடையதுதான் என்று இப்போது அவரும் சொல்கிறார். ஆனால் தங்கத்தை எடுக்கும்போது கழன்று விழுந்ததாம், பிளேன் பத்திரமாய் இந்தியா போய்ச் சேர்ந்துவிட்டதாம்!

இரண்டு கட்சிக்கும் இப்போது ஆதாரம் என் ஒட்டு. என் கையால் அடித்த ரிவிட்டு. நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதால் அது ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கதை பெற்றுப் போடுகிறது.

சொன்னால்? லைசன்ஸ் இல்லாமல் விமானத்தில் கை வைத்தவன். ஐந்து உயிர். மறியற்சாலைக்குப் போனால் என் பெண்சாதி அசனாவும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்?

மார்ச் 31, ஞாயிறு

அபூதாஹிர் இந்தியாவுக்குப் போகிறார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, நாகூர் போய்த் தம்பியைத் தேடிக் கூட்டி வருவாராம். றுக்கியா மச்சானின் படம் ஒன்றைக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்தாள். அவளுடைய முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நாலு மாதமாய் நான் காணவில்லை. கனகாம்பரம் வைத்திருந்தாள்.

‘நானா, தகடே சொல்லுதே அவர் இரிக்கார் எண்டு. நீங்க மட்டும் ஏன் ஒண்டுமே சொல்றீங்க இல்ல?’

நான் சொன்னது: ‘பாப்பம்.’

பாப்பம்! த்தூ.

ஏப்ரல் 17, புதன்

கொழும்பில் இருந்து விசாரணை அதிகாரி வருகிறார். வருகிற புதன் 24ஆந் தேதி, சோமசேகரம் ஐயா வீட்டில் தகட்டைப் பார்ப்பாராம். ஐயா எழுதிய பதினாலு கடிதத்துக்குக் கிடைத்த பதில். காணாமற்போனவர்களின் வீட்டாரை எல்லாம் வரச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 19, வெள்ளி

அசனாவிடம் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை வைக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. முழுதையும் கேட்டுவிட்டு, ‘அந்த ஒட்டு நல்லாப் போட்டதா?’ என்று கேட்டாள்.

‘நல்லாத்தான் போட்டேன்.’

‘அப்ப ஏன் ஒளிச்சீங்க?’

அரிந்த மீனைச் சட்டிக்குள் போட்டாள். பிறகு அவளே சொன்னாள்: ‘மறியலெண்டா நான் சமாளிப்பன். றுக்கியா அங்க பூ வச்சிக்கிட்டு இரிக்கிறத என்னால பாக்க ஏலாது.’

ஏப்ரல் 22, திங்கள்

புதனுக்கு முன்னம் அவளுக்கு என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவள் மகள் றம்ஸியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாப்பா வரும்போது என்னென்ன கொண்டு வருவார் என்று பிள்ளை ஒவ்வொன்றாய்ச் சொல்கிறது, தாய் ‘ஓம், ஓம்’ என்கிறாள்.

வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். சந்தி வரை போய் மறுபடியும் போனேன். மறுபடியும் திரும்பினேன்.

ஏப்ரல் 24, புதன்

முடிந்தது. முறையாய் எழுதப் பார்க்கிறேன்.

அதிகாரி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாய்க் கதைக்கிறார். முற்றத்தில் மேசை போட்டுத் தகட்டை வைத்திருந்தார்கள். வேலிக்கு வெளியேயும் சனம். றுக்கியா நல்லம்மா அக்காவோடு குசினிக் கதவடியில் நின்றாள்.

முதலில் ஓட்டைகளைப் பார்த்தார். ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பதினொன்றையும் பார்த்தார். ‘ரிவிட்டு பிய்ந்த ஓட்டைகள்,’ என்றார். சோமசேகரம் ஐயா வாய் திறக்க, கையைக் காட்டி நிறுத்தினார். மடிந்த பக்கத்தைத் தடவினார். பிறகு ஒட்டில் கை வைத்தார்.

‘இந்தத் திருத்த வேலைக்கு எங்களிடம் ஒரு கடுதாசியும் இல்லை. இது யார் செய்தது?’

சனத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே யாரோ, ‘கப்பற்காரன்!’ என்றான். இன்னொருவன், ‘தங்கக்காரன்!’ என்றான்.

‘நான்,’ என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். தேதி சொன்னேன், தள்ளுவண்டி இடித்ததைச் சொன்னேன், ஓட்டி கேட்டதைச் சொன்னேன். சனம் கூவத் தொடங்கியது. ‘பொய்! காசு வாங்கிட்டான்!’

அதிகாரி கேட்டார்: ‘நீங்கள் செய்ததற்கு என்ன ஆதாரம்?’

‘ஒட்டைக் கழற்றுங்க, சேர். உள்பக்கம், வலது மூலையில, என்ட பேர்ட ரெண்டு இங்கிலீசு எழுத்தும் 17-11-62 எண்டும் ஊசியால கீறியிரிக்கும். விமானப்படையில எங்களுக்குப் பழக்கின சார்ஜன்ட் அப்படித்தான் செய்யச் சொல்றவர்.’

அவர் நான் சொன்னதை அப்படியே எழுதினார். சோமசேகரம் ஐயாவைக் கூப்பிட்டு, தகடு வந்த நாளில் இருந்து இந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை, ஒட்டை ஒருவரும் கழற்றவில்லை என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு என் கையிலேயே துறப்பணத்தைத் தந்தார். என் ரிவிட்டுகளை நானே ஒவ்வொன்றாய்த் துளைத்து எடுத்தேன். இருபத்திரண்டில் ஒன்றுகூட ஆடவில்லை. முக்கால் மணித்தியாலம் ஆனது. அதுவரை வேலிக்கு வெளியே நின்ற சனம் கலையவில்லை.

திருப்பினால் எழுத்து அப்படியே இருந்தது. உள்ளே உப்புத் தண்ணி போகவே இல்லை.

றுக்கியா முற்றத்துக்கு இறங்கி வந்தாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் அவள் வந்து நான் கண்டதில்லை. அந்தச் சின்னத் தகட்டை மேசையில் இருந்து எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

‘ஒங்கட எழுத்துத்தான்,’ என்றாள். பிறகு, ‘எப்ப தெரியும் ஒங்களுக்கு? இது அவர் போன பிளேன்தான் எண்டு?’

‘சல்லியில கண்ட அண்டைக்கே.’

தகட்டை அதிகாரியிடம் கொடுத்தாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல் நல்லம்மா அக்காவோடு உள்ளே போய்விட்டாள்.

விழுந்ததற்குக் காரணம் என் ஒட்டா என்று அதிகாரியைக் கேட்டேன். ‘ஒட்டு உறுதியாய் நின்றிருக்கிறது. தகடு மடிந்திருக்கும் விதம் தண்ணீரில் வேகமாய் அடித்ததைக் காட்டுகிறது. ஏன் விழுந்தது என்று ஒரு தகட்டை வைத்துச் சொல்ல முடியாது,’ என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

பின்னேரம் மௌலவி றுக்கியா வீட்டுக்கு வந்தார். நான் முன்கூடத்தில், அவள் திரைக்குப் பின்னால். மாப்பிள்ளை மௌத்தானால் பெண்சாதி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டுமே, எந்த நாளில் தொடங்குவது என்று கேட்டாள்.

மௌலவிக்குச் சொல்ல மனம் வரவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்: ‘மகள், இத்தா மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு, செய்தி வந்த நாளில இருந்து இல்ல. டிசம்பர் பதினொண்டில இருந்து பிறைக் கணக்குக்கு எண்ணினா, போன கிழமை வியாழனோட முடிஞ்சிட்டு. இனி ஒங்களுக்குக் கடமை இல்ல.’

திரைக்குப் பின்னால் இருந்து றுக்கியாவின் குரல் வந்தது.

‘அப்ப நான் அவருக்கெண்டு ஒரு நாள் கூட இருக்கல்லயே, மௌலவி. பெருநாளைக்குப் புதுச்சாரி உடுத்தேன். பூ வச்சேன்.’

மார்ச் 9ஆந் தேதி, முப்பது பேருக்கு முன்னால் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு இத்தா இருக்க நாற்பது நாள் மிஞ்சியிருக்கும். ஒட்டு நின்றதோ விட்டதோ, அது அல்லாஹ்வுக்குத் தெரியும். இந்த நாற்பது நாள் என் கணக்கு. இதற்கு விசாரணை தேவையில்லை.

மே 4, ஹஜ்ஜுப் பெருநாள்

போனேன். றம்ஸியா ஸலாம் சொன்னது. றுக்கியா அறைக்குள் இருந்து வரவில்லை.

மே 12, ஞாயிறு

சோமசேகரம் ஐயா அச்சடித்த துண்டுப்பிரசுரம் கராச் கதவில் ஒட்டியிருந்தது. தலைப்பு: ‘ஒட்டுக்குள் பெயர் எழுதியது யார்?’ டிசம்பரிலேயே கப்பற்காரர் தகட்டைக் கடலில் இருந்து எடுத்து, என்னைக் கொண்டு பெயர் கீறி மூடி, மறுபடியும் கடலில் போட்டார்களாம். அவரே கையெழுத்து வைத்துக் கொடுத்தவர்! இந்த நாட்டில் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் அந்த விடையையே கேள்வியாக்குகிறார்கள்.

முதலாளி தானே வாளியில் தண்ணி கொண்டு வந்து சுரண்டி எடுத்தார். நல்ல மனிசன்.

மே 27, திங்கள்

அபூதாஹிர் திரும்பி வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். நாகூரில் தாடிக்காரனைக் கண்டுபிடித்தாராம், அவன் காரைக்காலில் வெற்றிலை விற்கிறவனாம். அது தெரிந்த பிறகும் ஒவ்வொரு பள்ளியாய் மூன்று கிழமை படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். இத்தனை நாளும் அவரை வாய்க்கு வந்தபடி இதில் எழுதி வைத்தேன். தம்பியை அவரும் தேடினார்தானே.

‘இன்னும் ஒராள் சொன்னார், மதராசில —’ என்று தொடங்கினார். றுக்கியா அவருக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே, ‘மச்சான், சாப்பிடுங்க. இனிப் போக வேணாம்,’ என்றாளாம். அசனா போயிருந்தாள், அவள்தான் சொன்னாள். அபூதாஹிர் சோற்றில் கையை வைத்தபடி பிள்ளை மாதிரி அழுதாராம்.

ஜூன் 8, சனி

நம்ப மாட்டேன், நானே பார்த்திராவிட்டால். சோமசேகரம் ஐயா கராச்சுக்கு வந்தார். தனியாய். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம்.

வாங்குப் பலகையில் இருந்தார். நெடுநேரம் சுத்தியல்களைப் பார்த்தார். ‘சரீப், ஒண்டு கேக்கவேணும். தம்பி... அவன் கடலுக்க கிடந்து தத்தளிச்சிருப்பானோ? நீந்தத் தெரியாது அவனுக்கு.’

ஒரு மெல்லிய தகரத் துண்டை எடுத்தேன். ஆறுதலாய் அழுத்தினால் எப்படி வளையும், ஓங்கி அடித்தால் எப்படி மடியும் என்று இரண்டையும் செய்து காட்டினேன். ‘நீங்க வச்சிரிந்த தகடு எப்படி மடிஞ்சிரிந்தது?’

அவர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டாவதைக் காட்டினார்.

‘அப்ப ஒரு கண் மூடித் திறக்கிற நேரம், ஐயா. தத்தளிச்சிரிக்க மாட்டார்.’

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, ‘எண்டாலும் அந்தப் பதினொரு ஓட்டை...’ என்றார். நான் தகரத் துண்டுகளை எடுத்து வைத்தேன். அவருக்கு அது வேண்டியிருக்கிறது. யாராவது சுட்டிருக்க வேண்டும். சும்மா மழையில் ஒரு மனிசன் செத்துப்போக ஏலுமா என்பது அவருடைய கேள்வி. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. என் விடை அவருடையதைவிட மோசம், அவ்வளவுதான்.

ஜூன் 20, வியாழன்

கொழும்பில் இருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம். காரணம் தீர்மானிக்க முடியவில்லை. ஐவரும் இறந்ததாகக் கொள்ளப்படுகிறது. என்மீது வழக்கு இல்லை. இனி எந்த விமானத்திலும் நான் கை வைக்கக்கூடாது.

ஒரு பிரதி றுக்கியாவுக்கும் வந்திருக்கும். அவள் வெளியே போவதில்லை என்று அசனா சொல்கிறாள். கடமை இல்லை என்று மௌலவி சொன்ன பிறகும், அந்த முற்றத்தில் அவள் தகட்டைத் தூக்கிப் பார்த்த நாளில் இருந்து வீட்டோடுதான் இருக்கிறாள். வெள்ளைச் சீலை. நான் கூப்பிட்டால் பதில் வராது.

ஜூலை 6, சனி

காலையில் றம்ஸியா வந்து, ‘உம்மா ஒங்கள வரட்டாம்,’ என்றது. சைக்கிளையும் எடுக்காமல் ஓடினேன்.

வாசலில் குடையோடு நின்றாள். கையில் பை. ‘சங்கக்கடைக்குப் போகணும்,’ என்றாள்.  எழுபத்து மூன்று நாளுக்குப் பிறகு என்னோடு கதைத்த கதை அது. வழி நெடுக அவள் முன்னால், நான் பின்னால்.

சனிக்கிழமை அரிசிக்கு வரிசை நீளம். எங்கள் முறை வந்ததும் அவள் ஆளுக்கு ஒன்றாய் மூன்று அரிசிக் கூப்பன் புத்தகத்தை மேசையில் வைத்தாள். ஒன்றைத் தனியாய்த் தள்ளினாள்.

‘இந்தப் பேரை வெட்டுங்க. ஆள் மௌத்து.’

எழுதுகிற பெடியன் புதியவன். புத்தகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ‘இவர்... அந்தப் பிளேன்ல போனவரா? அவர் இந்தியாவில இரிக்கார் எண்டுதானே கதை?’

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொழும்புக் கடிதம் அவளுடைய பைக்குள் இருந்ததை நான் கண்டேன், உறையின் ஓரம் தெரிந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

‘மௌத்துக்கு என்ன அத்தாட்சி, ராத்தா? சும்மா வெட்ட ஏலாது,’ என்றான்.

றுக்கியா திரும்பி, பின்னால் நின்ற என்னைக் காட்டினாள்.

‘இவர் என்ட நானா. இவருக்குத் தெரியும். கேளுங்க.’

அவன் என்னைப் பார்த்தான். வரிசையும் என்னைப் பார்த்தது.

சொன்னேன். இந்த முறை ஒரு தரத்திலேயே கேட்கும்படி.